உள்ளங்கைதான் அளவுகோல்! நசுங்கிய கார் நிமிர்வது எப்படி?

"டிங்! டிங்! டிங்!"

தெருமுனையில் இந்தச் சத்தம் கேட்கிறதா? அங்கே ஒரு டிங்கர் பட்டறை இருக்கிறது என்று பொருள்.

லாரியில் மோதிய கார் அப்பளம் போல நொறுங்கி உள்ளே போகிறது. சில வாரம் கழித்து, புது மாப்பிள்ளை போல மினுமினுப்பாக வெளியே வருகிறது!

இந்த மாயத்தைச் செய்கிறவர்கள் யார்? அவர்கள் இந்தத் தொழிலை எங்கே, எப்படிக் கற்றார்கள்? நாளைக்கு உங்கள் வீட்டுப் பையனே, "அப்பா, நான் டிங்கர் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று வந்து நின்றால், என்ன பதில் சொல்வீர்கள்?

ஈயம் பூசியவர் பெயர்

'டிங்கர்' என்பது ஆங்கிலச் சொல். ஓட்டைப் பாத்திரங்களைத் தெருத்தெருவாகச் சென்று அடைத்துக் கொடுத்தவருக்கு அங்கே அந்தப் பெயர். நம் ஊரில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது!" என்று கூவிக்கொண்டு வந்தாரே, அவருடைய சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வேலைக்கும் ஈயத்துக்கும் உறவு உண்டு. 1950-களில் பிளாஸ்டிக் பட்டி வருவதற்கு முன், கார் தகட்டின் பள்ளங்களில் ஈயக் கலவையை உருக்கிப் பூசி, அரம் போட்டுத்தான் மட்டம் செய்தார்கள்.

முதல் பாடம்

பட்டறையில் சேர்ந்த பையனுக்கு முதல் நாளே சுத்தி கிடைக்காது.

டீ வாங்கி வர வேண்டும். கதவையும் பம்பரையும் கழற்ற உதவ வேண்டும். கழற்றிய போல்ட்டுகளைக் கலந்துவிடாமல் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். ஒரு போல்ட் தொலைந்தால் மேஸ்திரியின் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும்!

பிறகு வாட்டர் பேப்பர். தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பட்டியைத் தேய்க்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழப்பாகிவிடும்.

"இது என்ன படிப்பு?" என்று பையனுக்கு அலுப்பு வரும். ஆனால் அவனுக்குத் தெரியாமலே அவன் கை படித்துக்கொண்டிருக்கிறது. எது மேடு, எது பள்ளம் என்று உள்ளங்கைக்குப் புரியத் தொடங்குகிறது.

மேஸ்திரி தகட்டின் மேல் கையை முழுவதுமாகப் படிய வைத்து, நீளவாக்கில் மெதுவாகத் தடவுவார். சிலர் கைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய துணியை வைத்துக்கொள்வார்கள். துணி வழுக்கிக்கொண்டு ஓடுவதால், கண்ணுக்குத் தெரியாத பள்ளம்கூடக் கைக்குத் தட்டுப்படும்.

சுத்தியும் டாலியும்

காரின் வெளித்தகடு எவ்வளவு கனம் தெரியுமா? பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

அதை நிமிர்த்த இரண்டு கருவிகள். ஒரு கையில் சுத்தி. மறு கையில் 'டாலி' என்ற இரும்புக் கட்டி. டாலியைத் தகட்டின் உள்பக்கம் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து சுத்தியால் தட்டுகிறார்கள்.

புதுப் பையன் என்ன செய்வான்? பள்ளத்தின் நடுவில், உள்ளே இருந்து ஓங்கி ஒரு போடு போடுவான். பள்ளம் வெளியே வரும். ஆனால் தகடு நீண்டு தொலைந்துவிடும்!

அனுபவசாலி அப்படிச் செய்யமாட்டார். பள்ளம் விழும்போது அதைச் சுற்றி வரப்பு போல ஒரு மேடு எழும்பி நிற்கும். அவர் டாலியைப் பள்ளத்துக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அந்த மேட்டை மட்டும் லேசாகத் தட்டுவார். மேடு இறங்க இறங்க, பள்ளம் தானே எழும்பி வரும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

எங்கே தொடங்குவது? இதற்குத் துப்பறியும் மூளை வேண்டும்! எந்தப் பக்கம் அடி விழுந்தது, தகடு எந்த வரிசையில் மடங்கியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுக்க வேண்டும். முதலில் விழுந்த மடிப்பு கடைசியில் வரும்.

தகடு நீண்டுவிட்டால், விரலால் அழுத்தும்போது தகர டப்பா மூடி போல "டப், டப்" என்று உள்ளேயும் வெளியேயும் போகும். அதற்கும் வைத்தியம் உண்டு. காசு அளவு இடத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியால் ஒற்றுகிறார்கள். சூட்டில் விரியப் பார்க்கும் தகட்டைச் சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு விடாது. ஆறும்போது அது சுருங்கி இறுகிவிடுகிறது.

தட்டி முடித்த பிறகுதான் பட்டி. பட்டி என்பது பவுடர் பூச்சு மாதிரி. மெல்லியதாக இருக்கும் வரைதான் அழகு. தட்ட வேண்டிய இடத்தில் தட்டாமல் பட்டியை அப்பினால், பிறகு வெடித்து உதிரும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள்! இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில், பட்டி அப்பிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

தட்டக் கூடாத இடம்

இதுவரை சொன்னது கை வித்தை. இனிமேல் சொல்வது உயிர்ப் பிரச்சினை.

அம்பாசடர் காரை நினைத்துப் பாருங்கள். 2014-ம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றது. தடித்த தகடு. அடித்தாலும் தாங்கும், காய்ச்சினாலும் தாங்கும். அதில் பழகிய கைகள் இன்றும் பல பட்டறைகளில் இருக்கின்றன.

இன்றைய கார் வேறு. மோதும்போது அதன் முன்பாகம் நசுங்க வேண்டும் என்றே அமைத்திருக்கிறார்கள். மோதலின் வேகத்தை அந்தப் பாகம் வாங்கிக்கொள்ளும். ஆட்கள் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்கும். ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1959-ம் ஆண்டிலேயே இப்படிக் கார் செய்தது. பேலா பாரெனி என்ற என்ஜினீயரின் யோசனை அது.

அந்தக் கூட்டைத் தாங்குவது கதவுகளை ஒட்டி நிற்கும் தூண்கள். பல கார்களில் அவை மிக உறுதியான, தனிவகை எஃகு. அந்த எஃகைக் காஸ் நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தினால், அதன் பலம் போய்விடும். மேலே பெயிண்ட் அடித்தால் ஒன்றும் தெரியாது. பளபளவென்று இருக்கும். அடுத்த மோதலில்தான் தெரியும்!

அங்கே மேஸ்திரியின் உள்ளங்கையும் ஏமாந்துவிடும். எஃகு பலம் இழந்ததை எந்தக் கையும் தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே, தயாரித்த கம்பெனி எந்த இடத்தில் வெட்டச் சொல்கிறதோ அங்கே வெட்டி, புதுப் பாகத்தை வெல்டிங் வைக்க வேண்டும். காரின் அடிப்பாகத்தில் குறித்த புள்ளிகளுக்கு இடையே அளவு எடுத்துச் சரிபார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர் பிசகினாலும் கார் ஒரு பக்கமாக இழுக்கும். பேட்டரியை ஒழுங்காகக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால், காற்றுப் பைகளை இயக்கும் மின் சாதனங்கள் கெட்டுப்போகலாம்.

இதற்குப் புத்தகம் படிக்க வேண்டும். படம் பார்த்து அளவு புரிந்துகொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தைக் கண்டு ஓடி வந்த பையனை, கணக்கு இங்கேயும் வந்து பிடித்துக்கொள்கிறது!

கைக்குட்டை போதாது

பெயிண்ட் அடிக்கும் பையன்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தூசியையே சரியாகத் தடுக்காது. கடினமாக்கி கலந்து அடிக்கும் பெயிண்டில் 'ஐசோசயனேட்' என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டு வரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடிதான் இதற்குச் சரி.

பையனைச் சேர்க்கப் போகும் தாய்மார்கள், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் முகமூடியைக் கேளுங்கள்.

வயது என்ன?

"பத்து வயதில் சேர்ந்தேன்" என்று பெருமையாகச் சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. அது அந்தக் காலம். 2016-ம் ஆண்டு திருத்திய சட்டப்படி 14 வயது நிறையாத பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வயது வரை அபாயகரமான வேலை கொடுக்கக் கூடாது.

ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சியில் கார் பாடி பழுதுபார்ப்புக்கு ஓராண்டுப் பாடமே இருக்கிறது. பெயிண்டிங்குக்குத் தனிப் பாடம். 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, ஒப்பந்தம் எழுதி, மாத உதவித்தொகையுடன் நிறுவனத்தில் பயிற்சி பெறவும் வழி உண்டு.

ஆனால் ஐ.டி.ஐ.யில் படித்து வந்தவனுக்குச் சுத்தி பிடிக்க வரவில்லை என்று மேஸ்திரி சிரிப்பார். மேஸ்திரிக்குப் படம் படிக்கத் தெரியவில்லை என்று படித்தவன் சிரிப்பான். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை! முப்பது வருஷம் தட்டியவரிடம் கையில் காட்ட ஒரு காகிதம் இல்லை என்பதும் உண்மை. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய திறன் பயிற்சித் திட்டத்தில், அனுபவசாலிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். அது தெருமுனைப் பட்டறை வரைக்கும் நடந்து வர வேண்டும்.

மாலை 6 மணி

பட்டறையில் வெளிச்சம் மங்குகிறது. பையன் ஒரு கதவைத் தேய்த்து முடித்துவிட்டான்.

"அண்ணே, பார்க்கிறீங்களா?"

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார். கதவைப் பார்க்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தடவுகிறார். ஓர் இடத்தில் கை நிற்கிறது. பையனின் கையைப் பிடித்து அங்கே வைக்கிறார்.

"தெரியுதா?"

பையன் கண்ணை மூடிக்கொள்கிறான். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தெரியுது அண்ணே."

மறுபடியும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைக்கிறான்.