கால் அணா காசுக்கு முக்கால் பணம் சுமைகூலி!

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது உண்டு. சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு போன காலத்தில் பிறந்த பழமொழி. இன்று இணையத்தில் நடக்கும் பழைய நாணய ஏலங்களைப் பார்த்தால், இதற்காகவே சொல்லி வைத்தார்களோ என்று தோன்றும்.

பழைய காசு சேர்ப்பது பணக்காரர்களுக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு அல்ல. மும்பை, பெங்களூர், டெல்லி போன்ற நகரங்களில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தமிழர்களிலும் இந்த ஆசை உள்ளவர்கள் உண்டு. ஒரு காலத்தில் மும்பை சோர் பஜார் மாதிரியான இடங்களில் காசைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, பேரம் பேசி வாங்கினார்கள். இப்போது கைபேசியிலேயே ஏலம் நடக்கிறது. விற்பவர் ஓர் ஊரில் இருக்கிறார். வாங்குபவர் இன்னோர் ஊரில் இருக்கிறார். காசு தபாலில்தான் வந்து சேர வேண்டும். அந்தத் தபால் செலவில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1835ஆம் ஆண்டு முத்திரையிட்டு வெளியிட்ட கால் அணா செப்புக் காசு ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "மிக அரிய நாணயம், தொடக்க விலை ஒரே ஒரு ரூபாய்" என்று விளம்பரம். ஒரு குமாஸ்தா ஏலம் கேட்கிறார். 10, 50, 120 என்று ஏறி, 180 ரூபாயில் காசு அவருக்கே முடிகிறது. மலிவாகக் கிடைத்தது என்று அவருக்குச் சந்தோஷம்.

பிறகு பில் வருகிறது. காசுக்கு 180 ரூபாய். 'பேக்கிங், அனுப்பும் செலவு' 250 ரூபாய். மொத்தம் 430 ரூபாய். அதே தரத்தில் அதே காசை இன்னொரு வியாபாரி, தபால் செலவு உள்பட 300 ரூபாய்க்கு வைத்திருக்கிறார். அதைக் குமாஸ்தா பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், "அங்கே 300, இங்கே 180" என்றுதான் மனக்கணக்குப் போட்டிருப்பார்.

இந்தத் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகச் சொன்னவை. இதில் நஷ்டம் 130 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மாதம் நான்கு காசு இப்படி வாங்கினால் 520 ரூபாய். வருடத்தில் 6,240 ரூபாய். வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று எண்ணி எண்ணிச் செலவு செய்பவருக்கு அது சின்னத் தொகை அல்ல.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு பியர் ஒமிடியார் தொடங்கிய இணைய ஏல நிறுவனம்தான் பின்னால் 'ஈபே' என்று பெயர் பெற்றது. பொருள் விற்றதும், விற்ற விலையில் ஒரு பங்கை அந்த நிறுவனம் விற்பவரிடம் கமிஷனாக வாங்கிக்கொள்ளும். பல வருடங்கள் வரை இந்தக் கமிஷன் பொருளின் விலைக்கு மட்டும்தான். தபால் செலவுக்குக் கிடையாது.

வியாபாரிகளுக்கு இது போதாதா? கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய்க்கு விற்ற பொருளுக்கு 100 ரூபாய் கட்ட வேண்டும். அதையே "பொருள் 100 ரூபாய், அனுப்பும் செலவு 900 ரூபாய்" என்று எழுதிவிட்டால் 10 ரூபாயோடு தீர்ந்தது. வாங்குபவர் கொடுப்பதோ அதே 1,000 ரூபாய்தான்.

இந்த ஓட்டையை அடைக்க, 2011ஆம் ஆண்டு ஈபே தன் அமெரிக்கத் தளத்தில் விதியை மாற்றியது. தபால் செலவையும் சேர்த்து மொத்தத் தொகைக்கே கமிஷன் என்று ஆக்கியது.

இந்தியாவிலும் ஈபே இருந்தது. 2004ஆம் ஆண்டு 'பாஸி' என்ற இந்தியத் தளத்தை வாங்கி நடத்தி வந்தது. 2018 ஆகஸ்டில் அந்த இந்தியத் தளம் மூடப்பட்டது. ஆனால் காசு ஏலம் நிற்கவில்லை. ஏல நிறுவனங்களின் சொந்தத் தளங்களிலும், முகநூல், வாட்ஸ்அப் குழுக்களிலும் அது நடக்கிறது. குழுக்களில் கமிஷன் தொல்லை இல்லாவிட்டாலும் "அனுப்பும் செலவு தனி" என்ற வரி மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் வாங்குபவரின் மனம்.

மனம் செய்யும் கணக்கு

தன்ஜிம் ஹுசைன், ஜான் மார்கன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஈபே தளத்தில் இசைத் தட்டுகளையும் விளையாட்டுத் தட்டுகளையும் ஏலம் விட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே மாதிரியான பொருள். ஒன்றுக்குத் தொடக்க விலை 4 டாலர், தபால் செலவு இல்லை. இன்னொன்றுக்குத் தொடக்க விலை 1 சென்ட், தபால் செலவு 3 டாலர் 99 சென்ட். கூட்டிப் பார்த்தால் இரண்டும் 4 டாலர்தான்.

ஆனால் 1 சென்ட் ஏலத்துக்கு அதிகம் பேர் வந்தார்கள். முடிவில் விற்பவருக்குக் கிடைத்த மொத்தப் பணமும் அதில்தான் அதிகம். 2006ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பொருளின் விலையோடு ஒப்பிட முடியாத அளவுக்குத் தபால் செலவை ஏற்றியபோது அந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. கண்ணை உறுத்தாத அளவுக்கு ஏற்றினால்தான் ஏமாறுகிறார்கள் என்று அர்த்தம்.

காசு விஷயத்தில் இது இன்னும் சுலபம். அரிசிக்கும் துணிக்கும் கடைத்தெரு விலை எல்லோருக்கும் தெரியும். பழைய காசுக்கு அப்படி இல்லை. ஆண்டு, அச்சடித்த சாலை, தேய்மானம் ஆகியவற்றைப் பொறுத்து விலை மாறும். 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கியில் இருந்த யானை உருவம் பன்றியைப் போலத் தெரிகிறது என்று மக்கள் முகம் சுளித்தார்கள். உடனே அதை நிறுத்தி, 1912இல் உருவத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். அதனால் 'பன்றி ரூபாய்' என்று பேர் வாங்கிய அந்த 1911 ரூபாய்க்குச் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு. மாறாக, 1835 கால் அணா ஏராளமாக அச்சடித்த காசு. வருடம் பழையது என்பதாலேயே அது அரிய நாணயம் ஆகிவிடாது. இந்த வித்தியாசம் தெரியாதவர் காசின் விலையையே சரிபார்க்க முடியாமல் திணறும்போது, தபால் செலவை எங்கே சரிபார்க்கப் போகிறார்?

உண்மையில் எவ்வளவு ஆகும்?

காசின் விலையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தபால் செலவைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை.

அந்தக் கால் அணாவின் எடை சுமார் ஆறரை கிராம். பிரிட்டிஷ் ஆட்சிக் கால வெள்ளி ரூபாய் 11.66 கிராம். இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே ஒட்டி, கெட்டியான உறையில் போட்டாலும், ஒற்றைக் காசு 50 கிராமுக்குள் அடங்கிவிடும்.

பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 50 கிராம் வரை உள்ள விரைவுத் தபாலுக்கு உள்ளூருக்குள் 19 ரூபாய். வெளியூருக்கு 47 ரூபாய். உரியவர் கையில் மட்டும் கொடுக்கும் பதிவு வசதி வேண்டுமானால் இன்னும் 5 ரூபாய். இவற்றுக்கு ஜி.எஸ்.டி. தனி. எல்லாம் சேர்த்தாலும் 60 ரூபாயை ஒட்டித்தான் வரும்.

விற்பவர் பக்கமும் நியாயம் உண்டு. உறை, அட்டை, டேப் வாங்க வேண்டும். தபால் ஆபீஸில் வரிசையில் நிற்க வேண்டும். விலை உயர்ந்த காசு என்றால் காப்பீட்டுக்குத் தனிக் கட்டணம் ஆகும். தனியார் கூரியர் என்றால் கட்டணம் வேறுபடும். ஆகவே சாதாரணக் காசு ஒன்றுக்கு 80, 100 ரூபாய் கேட்டால் குறை சொல்வதற்கில்லை. 250, 400 என்று கேட்டால், அது தபால் செலவு அல்ல. காசின் விலையில் ஒரு பகுதி வேறு பெயரில் வருகிறது.

இன்னொரு இடத்திலும் விழிப்பு வேண்டும். ஒரே விற்பனையாளரிடம் ஒரே நாளில் ஐந்து காசு எடுத்தால், ஐந்தையும் ஒரே உறையில் போட்டு அனுப்புவார்கள். செலவை மட்டும் ஐந்து முறை போடுவது சிலருடைய வழக்கம். 'காப்பீடு' என்று பணம் வாங்கிக்கொண்டு, காப்பீடு செய்யாமலே அனுப்புகிறவர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தையில் விற்கும் வியாபாரி பொருளின் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். அதில் அனுப்பும் செலவு எவ்வளவு, பேக்கிங் எவ்வளவு, வரி எவ்வளவு என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். முதலில் குறைந்த விலையைக் காட்டி, பணம் கட்டும் நேரத்தில் சொட்டுச் சொட்டாகச் செலவுகளை ஏற்றுவதை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. "அனுப்பும் செலவு 250 ரூபாய்" என்று முன்கூட்டியே தெளிவாக எழுதி வைத்திருந்தால், அதைப் படிக்காமல் ஏலம் கேட்டவருக்கு வழக்கு பலமாக இருக்காது. சொந்தச் சேகரிப்பிலிருந்து எப்போதோ ஒரு காசு விற்கும் தனி மனிதருக்கு இந்த மின்வணிக விதிகள் பொருந்துவதும் இல்லை.

சொல்லாத செலவை ஏற்றினால், அல்லது காசே வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அங்கே தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் கொல்கத்தாவில் இருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரில் அல்லது வேலை பார்க்கும் ஊரில் வழக்குப் போட 2019ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. சொந்த ஊரை விட்டு வந்து பிழைப்பவர்களுக்கு இது பெரிய வசதி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை.

காசு வந்த உறையைக் கிழித்து எறியாமல் வைத்திருப்பது நல்லது. தபால் ஆபீஸில் ஒட்டும் சீட்டில் எடையும் கட்டிய தொகையும் அச்சாகியிருக்கும். 250 ரூபாய் வாங்கிக்கொண்டு எவ்வளவு செலவு செய்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

காசே இல்லாத கட்டணம்

இதைவிட மோசமான வேறொரு வலையும் இருக்கிறது. "உங்களிடம் உள்ள பழைய நோட்டை, பழைய காசைப் பல லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம்" என்று செய்தி வரும். ஆசையோடு பதில் அனுப்பினால், முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து அனுப்பும் செலவு, பிறகு வரி என்று கேட்டுக்கொண்டே போவார்கள். லட்சம் வராது, கட்டியதும் திரும்பாது. சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூடப் பயன்படுத்தினார்கள்.

2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலில் வங்கிக்குச் சம்பந்தம் இல்லை, தன் சார்பில் கட்டணம் வாங்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று அது தெளிவாகச் சொன்னது. இந்த வலையில் பணத்தை இழந்தவர் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏலம் கேட்கும் முன்

பின்னால் புகார் செய்வதைவிட முன்னால் கணக்குப் பார்ப்பது சுலபம். ஒரு காசுக்குத் தன்னால் மொத்தம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதிலிருந்து தபால் செலவைக் கழிக்க வேண்டும். ஏல நிறுவனமாக இருந்தால், வென்ற விலைக்கு மேல் வாங்குபவரிடம் வசூலிக்கும் கமிஷனையும் ஜி.எஸ்.டி.யையும் கழிக்க வேண்டும். மிச்சம் எதுவோ அதுதான் ஏலத் தொகை. 300 ரூபாய்தான் வரம்பு, தபால் செலவு 250 என்றால், 50 ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது.

தபால் செலவு எழுதப்படாத ஏலத்தில், தொகை கேட்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பல காசுக்கு ஒரே உறையா, காசு போலியாக இருந்து திருப்பி அனுப்பினால் தபால் செலவும் திரும்புமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். காசு விலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்பவரிடம், செலவு என்ற பெயரில் கொடுத்த பெரும்பகுதி திரும்பவே திரும்பாது.

தமிழில் நாணயம் என்றால் காசு என்றும் பொருள். நேர்மை என்றும் பொருள். நேர்மையான வியாபாரிக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது. கோபப்படுகிறவரிடம் அந்த இரண்டாவது நாணயம் இல்லை என்று தெரிந்துகொண்டு, அடுத்த ஏலத்துக்குப் போய்விடலாம்.