டைமிங் தவறும் அம்பாசிடர்

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் கேம் ஷாஃப்டின் பல்சக்கரம்தான் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்று. தீப்பொறி முந்தினால் ஏற்றத்தில் இன்ஜின் 'டிக் டிக்' என்று தட்டும், ஸ்டார்ட் செய்யும்போது எதிர்த்து உதைக்கும். பிந்தினால் இழுவை குறையும், சூடேறும்.

டைமிங் பிடிக்க, முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அது மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால், பலர் செய்வதுபோல டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகித் தொடங்குவது வீண் வேலை. பிறகு டைமிங் லைட். அதன் வெளிச்சத்தில் கிராங்க் புல்லியின் குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினால் கோளாறு டைமிங் செயினிலோ, பல்சக்கரத்திலோ, ஷாஃப்ட் புஷ்ஷிலோ இருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்கைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் தெரிந்துவிடும்: திசை மாற்றியவுடன் ரோட்டர் சிறிது நேரம் சும்மா நின்று பிறகு நகர்ந்தால், அந்தத் தாமதமே தேய்மானத்தின் அளவு. ரோட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டியும் பார்க்க வேண்டும்; ஆடினால் புஷ் போய்விட்டது.

இன்ஜின் பிரித்து மாட்டிய பிறகு வண்டி கிளம்பவே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் இடம் மாறியிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்தும் பள்ளம் மையம் தவறி வெட்டப்பட்டிருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தலைகீழாக மாட்ட முடியாது. ஆனால் டிரைவ் ஷாஃப்டைத் தவறான பல்லில் இறக்கிவிட வாய்ப்புண்டு. முதல் சிலிண்டர் அமுக்க நிலையின் உச்சியில் இருக்கும்போது ரோட்டர் அதன் வயரை நோக்க வேண்டும். தேய்ந்த டிரைவை வைத்துக்கொண்டு டைமிங் பிடிப்பது நேர விரயம். பாகத்தை மாற்றுவதே தீர்வு.