டிராக்‌ஷன் கன்ட்ரோல் வந்தபிறகு, ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டத் திறமை தேவையில்லையா?

ஃபெராரி 296 ஜிடிபி காரின் திறன் 830 குதிரைத்திறன். அவ்வளவும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. 1975-ல் விற்பனைக்கு வந்த முதல் போர்ஷே 911 டர்போவில் இருந்தது வெறும் 260. ஆனால், 'விடோமேக்கர்', அதாவது மனைவியை விதவையாக்கும் கார் என்ற பட்டப்பெயர் கிடைத்தது அந்த போர்ஷேவுக்குத்தான். மூன்று மடங்குக்கும் மேல் சக்தி கொண்ட இன்றைய ஃபெராரியை, சாதாரண டிரைவர்கூட மழையில் பத்திரமாக வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடிகிறது.

டயர், சஸ்பென்ஷன் எல்லாம் முன்னேறியது ஒரு காரணம். பெரிய காரணம், எலெக்ட்ரானிக்ஸ். "அப்போ கார் ஓட்டுறது டிரைவரா, கம்ப்யூட்டரா? இப்படியே போனா ஓட்டத் தெரிஞ்ச ஆளே இருக்க மாட்டாங்களே" என்பது பழைய ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்களின் புலம்பல். அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ன செய்கிறது?

நான்கு சக்கரங்களிலும் ஏபிஎஸ்ஸுக்காக வேக சென்ஸார்கள் இருக்கும். எஞ்சின் சக்தி போகும் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், அது தரையைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே கம்ப்யூட்டர் எஞ்சின் சக்தியைக் குறைக்கும். தேவைப்பட்டால் அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்திருந்தாலும், எஞ்சினுக்குப் போகும் உத்தரவு உங்களுடையது அல்ல.

இதன் அண்ணன்தான் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் திசையும் கார் உண்மையில் போகும் திசையும் பொருந்தவில்லை என்றால், ஏதாவது ஒரு சக்கரத்தைத் தனியாகப் பிரேக் பிடித்து காரை நேராக்கும்.

இது இல்லாத காலத்தில் இந்த வேலையைச் செய்தது டிரைவரின் வலது கால். வளைவில் டயரின் பிடிமானத்தில் ஒரு பங்கு திரும்புவதற்கே செலவாகிவிடும். மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் ஆக்ஸிலரேட்டர் கொடுக்க முடியும். கொஞ்சம் கூடினால் பின்பக்கம் விலகும். அதை இடுப்பில் உணர்ந்து, காலைத் திடீரென எடுக்காமல் மெதுவாகத் தளர்த்தி, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி மீட்க வேண்டும். 'திறமை' என்று இங்கே பேசப்படுவது இதைத்தான்.

ஃபார்முலா 1 நடத்திய பரிசோதனை

இந்தக் கேள்விக்கு விடை தேட நல்ல இடம் ஃபார்முலா 1. 1990-களின் தொடக்கத்தில் வில்லியம்ஸ் போன்ற அணிகள் இந்தத் தொழில்நுட்பத்தால் கொடிகட்டிப் பறந்தன. 'டிரைவர்களின் வேலையை மெஷின் செய்கிறது' என்று 1994-ல் தடை வந்தது. ஆனால், சாஃப்ட்வேருக்குள் யார் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. அதனால் 2001 ஸ்பானிஷ் கிராண்ட் ப்ரீயிலிருந்து மீண்டும் அனுமதித்தார்கள். எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரியான கன்ட்ரோல் யூனிட்டைக் கட்டாயமாக்கிய 2008-ல் மறுபடியும் தடை. அது இன்றுவரை தொடர்கிறது.

2008 சீசனுக்கு முன்பு, 'டிராக்‌ஷன் கன்ட்ரோல் காலத்தில் எஃப்1-க்கு வந்த இளைஞர்கள் மழையில் என்ன செய்யப் போகிறார்கள்' என்ற கவலை இருந்தது. அவர்களில் ஒருவர் 2007-ல் அறிமுகமான லூயிஸ் ஹாமில்டன். 2008-ல் மழை கொட்டிய சில்வர்ஸ்டோன் ரேஸில், இரண்டாவதாக வந்தவரைவிட 68 விநாடிகள் முன்னதாக முடித்து ஜெயித்தார். அதே ஆண்டு மான்ஸாவில், அதுவும் மழையில், 21 வயது செபாஸ்டியன் வெட்டல், டோரோ ரோஸோ என்ற சின்ன அணியின் காரில் முதல் வெற்றியைப் பெற்றார். அவரும் 2007-ல் வந்தவர்தான்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. அதே சில்வர்ஸ்டோன் ரேஸில் ஃபெராரியின் ஃபெலிபே மாஸா ஐந்து முறை சுழன்றார். ஆனால், அவரும் திறமை மழுங்கியவர் இல்லை. அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்தை ஹாமில்டனிடம் அவர் இழந்தது ஒரே ஒரு பாயின்ட்டில்.

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் இரண்டு காலத்தையும் பார்த்தவர். 2005-ல் அவர் ஜோர்டான் அணிக்கு ஓட்டியபோது டிராக்‌ஷன் கன்ட்ரோல் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2011-ல் ஹெச்ஆர்டி அணியோடு திரும்பி வந்தபோது அது இல்லை.

எப்படிச் சமாளித்தார்கள்?

எஃப்1-க்கு வரும் டிரைவர் பத்து வயதுக்கு முன்பே கோ-கார்ட் ஓட்டத் தொடங்கியிருப்பார். கார்ட்டில் எந்த எலெக்ட்ரானிக் உதவியும் கிடையாது. தப்பாக மிதித்தால் சுழலும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான முறை சுழன்று கற்றுக்கொண்ட கால், சில வருடங்கள் கம்ப்யூட்டர் உதவி செய்ததால் அதை மறந்துவிடவில்லை.

சாலையில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவரின் கதை தலைகீழ். அவர் ஓட்டக் கற்ற முதல் காரிலிருந்தே உதவி இருக்கும். வழுக்கல் தொடங்கும் முன்பே கம்ப்யூட்டர் தடுத்துவிடுவதால், வழுக்கினால் எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் திறமையை இழக்கவில்லை, அதைக் கற்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

விமானத் துறைக்கும் இதே கவலை உண்டு. ஆட்டோபைலட்டையே தொடர்ந்து நம்பினால், சிக்கலான நிலையிலிருந்து விமானத்தை மீட்கும் திறன் பைலட்டுகளுக்குக் குறையலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 2013-ல் எச்சரித்தது. பொருத்தமான நேரங்களில் கையால் ஓட்டிப் பழகச் சொன்னது.

திறமையைவிட ஆபத்தான இன்னொன்று

1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே நிறுவனத்தின் டாக்ஸிகளில் சிலவற்றில் ஏபிஎஸ் இருந்தது, சிலவற்றில் இல்லை. ஏபிஎஸ் வண்டிகளுக்கு விபத்து குறைந்திருக்க வேண்டும், இல்லையா? குறையவில்லை. 'பிரேக் நல்லா பிடிக்கும்' என்ற தைரியத்தில் அந்த டிரைவர்கள் வளைவுகளில் இன்னும் நெருக்கித் திரும்பினார்கள், முன்னால் போகும் வண்டியை ஒட்டியே ஓட்டினார்கள்.

ஸ்போர்ட்ஸ் காரிலும் இந்த ஆபத்து உண்டு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் டயருக்குப் புதிதாகப் பிடிமானத்தைக் கொடுப்பதில்லை. இருப்பதைச் சரியாகப் பயன்படுத்துகிறது. வளைவுக்குள் மிதமிஞ்சிய வேகத்தில் நுழைந்துவிட்டால், எந்த கம்ப்யூட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்போ எடுத்துவிடலாமா?

கூடாது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள கார்களில், வேறு வண்டியோடு மோதாமல் தானாகவே விபத்துக்குள்ளாகி உயிர் போகும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் அமைப்பு கணக்கிட்டது. அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்து இது எல்லா கார்களுக்கும் கட்டாயம்.

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பரில் இறந்தது போர்ஷே கரேரா ஜிடி காரில். அதில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தது, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லை. ஓட்டியவர் ரேஸ் அனுபவம் உள்ள அவருடைய நண்பர், அவரும் உயிரிழந்தார். மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர் மட்டுமே அனுமதிக்கப்பட்ட சாலையில் கார் 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் போனதாகவும், டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்றும் விசாரணையில் தெரிந்தது. திறமையான கை இருந்தும், வேகமும் பழைய டயரும் சேர்ந்தபோது காப்பாற்ற முடியவில்லை.

நடுவில் ஒரு வழி

கார் நிறுவனங்களும் இதைப் புரிந்துகொண்டன. முன்பு 'ஆன்', 'ஆஃப்' என இரண்டே நிலைகள். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி ஆர் காரில் ஒரு மஞ்சள் திருகு மூலம் ஒன்பது நிலைகள் கிடைத்தன. பிஎம்டபிள்யூ எம்3, எம்4 கார்களில் பத்து நிலைகள் உண்டு. ரேஸ் டிராக்கில் உதவியைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு நிலையிலும் காரின் நடத்தையைக் கற்றுக்கொள்ளலாம். அப்படிப் பயன்படுத்தினால் இதே எலெக்ட்ரானிக்ஸ் ஒரு நல்ல வாத்தியார்.

இது ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கான விஷயம் மட்டும் இல்லை. உங்கள் காரிலும் இந்த வசதி இருக்கலாம். அப்படியென்றால் மூன்று விஷயங்கள்:

• பொதுச் சாலையில் ஆஃப் பட்டனைத் தொடாதீர்கள். மணல், சேற்றில் சக்கரம் சிக்கினால் மட்டும் அணைத்து, வெளியே வந்ததும் ஆன் செய்துவிடுங்கள்.

• கார் வழுக்குவது போன்ற அந்த மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் மின்னுகிறதா? கம்ப்யூட்டர் உங்களை இப்போதுதான் காப்பாற்றியது என்று அர்த்தம். வேகத்தைக் குறையுங்கள். அடிக்கடி மின்னினால் டயரையும், நீங்கள் ஓட்டும் விதத்தையும் கவனியுங்கள்.

• வழுக்கலைச் சமாளிக்கக் கற்க ஆசையா? கோ-கார்ட் டிராக்கில் தொடங்குங்கள். உதவியே இல்லாத அந்தக் குட்டி வண்டியில் சுழன்றால், பெரும்பாலும் கௌரவம் மட்டும்தான் போகும்.