உங்களுக்குத் தெரியுமா? பாபநாசத்தின் செங்கல் நெற்களஞ்சியம்

தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் பாபநாசத்தை ஒட்டியுள்ள திருப்பாலைத்துறையில், திருநாவுக்கரசரின் பாடல் பெற்ற பாலைவனநாதர் கோயில் வளாகத்துக்குள், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நாயக்கர் ஆட்சியில் எழுப்பப்பட்ட நெற்களஞ்சியம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. வட்டமான அடிப்பகுதியும், மேலே செல்லச் செல்லக் குறுகிக் கூம்பாக முடியும் கூரையும் கொண்ட இந்தச் செங்கல் கட்டடத்தில் ஏறத்தாழ 3,000 கலம் நெல்லைச் சேமிக்கலாம்; கலம் என்பது 12 மரக்கால் கொண்ட பழைய முகத்தலளவை. சுவரில் வெவ்வேறு உயரங்களில் திறப்புகள் அமைந்திருப்பதால், குவியல் உயர உயர மேல்திறப்பின் வழியே நெல்லைக் கொட்டவும், தேவைப்படும்போது கீழ்த்திறப்பின் வழியே எடுக்கவும் முடிந்தது. தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை பாதுகாத்துவரும் இச்சின்னம், காவிரிப் படுகையில் கோயில் வழிபாட்டிடமாக மட்டுமன்றி விளைச்சலைக் காக்கும் கிடங்காகவும் விளங்கியதற்குக் கண்கூடான சான்றாகும்.