‘பட்டா’வில் ஆரம்பிச்ச பாடம்

‘அ... அம்மா, ஆ... ஆடு!’ எல்.கே.ஜி-யில் நீங்களும் நானும் இப்படித்தானே ஆரம்பிச்சோம்? அதே பாட்டை, பகல் முழுக்க நாத்து நட்டுட்டு ராத்திரி எட்டு மணிக்கு அசந்து வர்ற அம்பது வயசு அம்மாகிட்ட பாடிப் பாருங்க. ‘போங்க தம்பி, சோலியைப் பாருங்க’ன்னு எழுந்து போயிடுவாங்க. நியாயம்தானே!

இந்தச் சிக்கலை 1990-களிலேயே சமாளிச்சுக் காட்டினது அறிவொளி இயக்கம். அவங்க முதல் பாடத்தில் அம்மாவும் இல்லை, ஆடும் இல்லை. ‘பட்டா’, ‘படி’! 247 எழுத்தையும் வரிசையா உருப்போட வைக்காம, ப, ட், டா, டி-ன்னு நாலே எழுத்தில் ரெண்டு வார்த்தை கைக்கு வந்துடும். ‘பட்டா’ன்னதும் பேச்சும் தானா கிளம்பும். ‘உங்க பேர்ல பட்டா இருக்கா? ஏன் இல்லை?’ அப்புறம் எங்கே தூங்குறது! ‘படி’யும் லேசுப்பட்ட வார்த்தை இல்லை. படிக்கிறதும் படிதான், நெல் அளக்கிறதும் படிதான். 1963-ல் பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே கூலித் தொழிலாளிகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தப்போ, அவங்க புழங்குற வார்த்தையில் இருந்துதான் ஆரம்பிச்சார்.

1991-ல் புதுக்கோட்டையில் தொடங்கின அறிவொளி இன்னும் ஒரு படி மேலே போச்சு. அப்போதைய கலெக்டர் ஷீலாராணி சுங்கத், பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுக்கிறதையும் இயக்கத்தோட வேலையாவே சேர்த்தார். ‘எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?’னு கேக்காதீங்க. அடுத்த ஊருக்குப் போகவே பஸ்ஸுக்கும் ஆம்பளைத் துணைக்கும் காத்துக் கிடந்தவங்க அவங்க. கல் குவாரிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவங்க, ஊர் கிண்டலையும் தாண்டி ஹேண்டில்பாரைப் பிடிச்சாங்க. பத்திரிகையாளர் பி.சாய்நாத் 1996-ல் வந்த தன் புத்தகத்தில் இதை விரிவா எழுதியிருக்கார்.

ஒரே வில்லன், மறதி. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்களுக்கு அப்புறம் வாசிக்க ஒண்ணும் கிடைக்கலைன்னா, வந்த எழுத்து வந்த வழியே போயிடும். அதனால அறிவொளிக்காரங்க கிராமத்துப் பெரியவங்க சொன்ன கதைகளையே சின்னச் சின்னப் புத்தகமா, கொட்டை எழுத்தில் போட்டாங்க. தான் கேட்டு வளர்ந்த கதையைத் தானே எழுத்துக்கூட்டி வாசிச்சா எப்படி இருக்கும்? செம ஐடியா!

2022-ல் தொடங்கின புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும், 15 வயசுக்கு மேற்பட்டவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க தன்னார்வலர்களைத்தான் நம்புது. நீங்களும் போறீங்கன்னா, சிலேட்டை எடுக்கிறதுக்கு முன்னாடி ‘உங்களுக்கு எதைப் படிக்கணும்மா?’ன்னு கேட்டுடுங்க. பஸ் போர்டா, ரேஷன் கடை பில்லா, பேத்தியோட மார்க் ஷீட்டா... அன்னிக்குப் பாடம் அதுதான்.