கட்டைவிரலின் மீச்சிற்றளவு என்ன?

வெர்னியர் அளவியால் 0.1 மில்லிமீட்டர் வரையிலும், திருகு அளவியால் 0.01 மில்லிமீட்டர் வரையிலும் அளக்கலாம் என்பதை ஆய்வகத்தில் படித்திருப்பீர்கள். ஒரு கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவே அதன் மீச்சிற்றளவு. மனிதனின் கட்டைவிரலை அளவுகருவியாகக் கொண்டால் அதன் மீச்சிற்றளவு என்ன? இது விளையாட்டுக் கேள்வியன்று. இடுப்புவலிக்காரர் பலருக்குச் சொல்லப்படும் முடிவு இதன் விடையைப் பொறுத்தே இருக்கிறது.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில், 1895ஆம் ஆண்டு டி. டி. பால்மர் என்பவர் தொடங்கிய சிகிச்சை முறை கைரோபிராக்டிக். கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று பொருள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் வலியைத் தணிக்க முயலும் முறை இது. இதைச் செய்பவர் கைரோபிராக்டர். "உங்கள் இடுப்பெலும்பு இடம் பிசகியிருக்கிறது" என்று அவர் சொல்வதுண்டு. அதை எப்படிக் கண்டறிகிறார்?

முதுகெலும்பின் அடியில் ஒரு முக்கோண எலும்பு உள்ளது. அது இரு இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஆப்புப்போலச் செருகப்பட்டு, வலிமையான நார்களால் கட்டப்பட்டிருக்கிறது. கீழ்முதுகில் இருபுறமும் தெரியும் குழிகளை ஒட்டி இடுப்பெலும்பின் முனைகளைத் தொட்டறியலாம். நோயாளியை நிற்கவைத்து, இந்த முனைகளில் கட்டைவிரல்களை வைத்து, இரண்டும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று கைரோபிராக்டர் பார்ப்பார். முழங்காலை உயர்த்தச் சொல்லி, அப்பக்கத்து விரல் கீழிறங்குகிறதா என்றும் கவனிப்பார். குப்புறப் படுக்கவைத்து இரு குதிகால்களையும் ஒப்பிட்டு, எந்தக் கால் குட்டை என்று சொல்வார். சிலர் எக்ஸ்ரே படத்தில் கோடுகள் வரைந்தும் அளப்பதுண்டு.

இனி இயற்பியல் மாணவராக யோசியுங்கள். எலும்புக்கும் விரலுக்கும் இடையே தோலும் கொழுப்பும் தசையும் இருக்கின்றன. எலும்பு முனையோ ஊசிமுனையன்று; உருண்டு திரண்ட மேடு. பார்ப்பவரின் கண் நேராக இல்லாவிட்டால் இடமாறு தோற்றப்பிழை வேறு. எக்ஸ்ரேயும் ஒரு நிழல்தான். உடல் சற்றே திரும்பியிருந்தால், படச்சுருளுக்குத் தள்ளியுள்ள எலும்பின் நிழல் பெரிதாக விழும்.

அளக்க வேண்டிய அசைவோ மிகச் சிறியது. 1989இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 25 நோயாளிகளின் எலும்பில் நுண்ணிய டான்டலம் உலோக உருண்டைகளைப் பதித்து, இரு திசை எக்ஸ்ரேயால் இந்த மூட்டின் அசைவை அளந்தனர். சராசரிச் சுழற்சி 2.5 டிகிரி, நகர்வு 0.7 மில்லிமீட்டர்! தோலின் மேலிருந்து விரல் இதை உணருமா? இருவர் ஒரே நோயாளியைத் தனித்தனியே தொட்டுப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில், அவர்களின் முடிவுகள் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை.

1998இல் ஸ்வீடனில் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. இம்மூட்டில் கோளாறு இருப்பதாகக் கருதப்பட்ட 10 பேருக்குக் கையால் சிகிச்சை செய்தனர். சிகிச்சைக்குப்பின் கைச் சோதனைகள் 'சரியாகிவிட்டது' என்றன. உலோக உருண்டைகளோ, எலும்பு இருந்த இடத்திலேயே இருப்பதைக் காட்டின.

அப்படியானால் சிகிச்சையே பயனற்றதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கீழ்முதுகு வலியைக் கையாற் செய்யும் சிகிச்சை ஓரளவு தணிப்பதுண்டு. ஆனால் வலி குறைந்தது என்பதும், எலும்பு நகர்ந்தது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவது இரண்டாவதற்குச் சான்றாகாது. மேலும், பெரும்பாலோருக்கு இரு கால்களின் நீளம் சில மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பே. வலியே இல்லாத ஒருவரிடம் "உன் இடுப்பு கோணல்" என்று சொன்னால், மிஞ்சுவது அச்சம்தான். நீங்காத வலிக்கு மருத்துவரை நாடுங்கள். கால் மரத்துப்போனால் தாமதிக்கவே கூடாது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்களேன். பத்து நண்பர்களை நிற்கவையுங்கள். எந்தத் தோள் உயரம் என்று நீங்களும் இன்னொருவரும் தனித்தனியே பார்த்து, 'இடம்', 'வலம்', 'சமம்' என்று ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மூன்றில் ஒன்றை எழுதினாலே, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் ஒத்துப்போகும். உங்கள் விடைகள் அதைவிட எவ்வளவு அதிகம் ஒத்துப்போகின்றன என்று எண்ணுங்கள். அதுவே உங்கள் கண்ணுக்குரிய மதிப்பெண்.

அளவைச் சொல்லும் எவரிடமும் அதன் பிழை எவ்வளவு என்றும் கேளுங்கள். ஆய்வகத்தில் மட்டுமன்று, சிகிச்சை அறையிலும் கேட்க வேண்டிய கேள்வி அது.