கவசம் பூண்ட சான்று

பொன்னின் மாற்றை உரைத்து அறியக் கட்டளைக்கல் வேண்டும். அக்கல்லே பழுதுடையதாயின், பொற்கொல்லன் கூறும் மாற்றை எவரும் நம்பார். நோயறியும் சோதனைக்கும் இஃது ஒக்கும். ஒருவருடைய குருதியைச் சோதித்து, ‘கிருமி இல்லை’ என்று ஆய்வுக்கூடம் அறிவிக்கின்றது. கிருமி மெய்யாகவே இல்லையா? அன்றிச் சோதனைதான் பிழைபட்டதா? இதனைத் தெளியாமல் அவ்வறிக்கையை ஏற்பின், நோயுற்றவர் மருந்தின்றி வாடுவர். அவர் ஈந்த குருதி பிறருக்கும் நோயைத் தரக்கூடும்.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கேரி மல்லிஸ் கண்ட பாலிமரேஸ் தொடர்வினை என்னும் முறை, கிருமியின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யின் ஒரு பகுதியைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும். ஆயினும், குருதியிலுள்ள சில பொருள்கள் இவ்வினையைத் தடுப்பதுண்டு. டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் பணியிலும் குறை நேரலாம். அப்பொழுது கிருமி இருந்தும் இல்லாததுபோல் தோன்றும். ஆதலின், முன்னரே அறிந்த வேறொரு டி.என்.ஏ.யைச் சிறிதளவு குருதியோடு கலந்துவிடுவர். இதனைச் சான்று டி.என்.ஏ. எனலாம். இறுதியில் அது புலப்பட்டால் சோதனை செவ்வனே நடந்தது. கிருமியும் சான்றும் ஒருங்கே புலப்படாவிடின், ‘இல்லை’ என்னும் விடை செல்லாது.

ஈண்டு ஓர் இடையூறு உண்டு. குருதியில் டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. காப்பற்ற டி.என்.ஏ.யை அதில் இட்டால் எளிதில் அழிந்துபடும். அன்றியும், கிருமியின் டி.என்.ஏ. உறையினுள் இருப்பது, உறையை உடைத்தே அதனை வெளிக்கொணர வேண்டும். உறையற்ற சான்று, அவ்வுடைக்கும் பணி நன்கு நடந்ததா என்பதைக் காட்டாது.

இக்குறையைப் போக்க வைரஸின் உறையையே அறிஞர் கருவியாகக் கொண்டனர். எஸ்தர் லெடர்பெர்க் என்னும் அம்மையார் கண்டறிந்த லாம்டா என்னும் வைரஸ், பாக்டீரியாவை மட்டுமே தாக்குவது, மனிதரைத் தாக்காது. அதன் டி.என்.ஏ. 48,502 இணைகளை உடையது. தேங்காய் ஓடு பருப்பைக் காப்பதுபோல், புரதத்தாலான அதன் தலைப்பகுதி உள்ளிருக்கும் டி.என்.ஏ.யைக் காக்கின்றது. அந்த டி.என்.ஏ.யில் தனி அடையாளங்கள் உள்ளன. வைரஸின் புரதங்கள் அவ்வடையாளத்தைக் கண்டு, டி.என்.ஏ.யைத் தலைக்குள் திணித்து, அடுத்த அடையாளத்தில் துண்டித்துவிடும். எனவே, வேண்டிய சான்றுத் துண்டை இடையே இணைத்துவிட்டால், அதுவும் உறைக்குள் அடங்கும். ஆனால் மொத்த நீளம் மிகக் குறையினும் மிக நீளினும் உறை ஏலாது.

ஆர்.என்.ஏ. என்னும் மற்றொரு மரபுப் பொருள் இன்னும் எளிதில் அழியக்கூடியது. எச்.ஐ.வி. முதலிய வைரஸ்கள் அதனை உடையவை. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், எம்.எஸ்.2 என்னும் பாக்டீரிய வைரஸின் உறைப் புரதத்துள் எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ.யின் ஒரு பகுதியைப் பொதிந்து, அதற்குக் ‘கவச ஆர்.என்.ஏ.’ என்று பெயரிட்டனர். ஒரு பகுதியே உள்ளிருத்தலின், அதனால் நோய் உண்டாகாது.

கவசம் பூண்ட சான்று குருதியில் அழியாது நிற்கும். கிருமியைப் போலவே உறை உடைபட்டு, பிரிக்கப்பட்டு, பெருக்கப்படும். கிருமி செல்லும் வழியெல்லாம் தானும் சென்று, அவ்வழி அடைபடவில்லை என்று அது சான்று பகரும். பிறரைச் சோதிக்கும் கருவி தன்னையும் சோதனைக்கு உட்படுத்தும்போதே அதன் சொல் நம்பத்தக்கதாகின்றது.